ஏற்காட்டில் சாலைச் சாவு கணக்கெடுப்புப் பயிற்சி: 2,200 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

வண்டி அடிபட்டால் சேதத்தைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மதிப்பீடு எழுதிக் கொடுப்பது என் தொழில். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஆபீஸ். ஏற்காட்டு மலைப்பாதையில் காட்டெருமை மோதி ரேடியேட்டர் வரை உள்ளே போன கார்களைப் பார்த்திருக்கிறேன். காட்டுப்பன்றி, நாய், மயில் என்றுகூட கிளெய்ம் வந்திருக்கிறது. தேரை அடிபட்டது என்று யாரும் இதுவரை படிவம் நிரப்பியதில்லை. ஆக, என் பீரோவில் இருக்கும் கோப்புகளை வைத்து அந்த மலைச் சாலையில் எவையெல்லாம் சாகின்றன என்று கேட்டால், பம்பரை உடைக்கும் அளவுக்குப் பெரியவை மட்டும்தான் என்று பதில் வரும். அந்தப் பதில் தப்பு என்பது மழைக்காலத்தில் ஒரு தடவை மலை ஏறியவர்களுக்கே தெரியும். சரியான பதிலைக் கண்டுபிடிக்க இரண்டு நாளில் கற்றுத் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு அறிவிப்பு வந்தது. சாப்பாடு, தங்கல் சேர்த்து 2,200 ரூபாய். கட்டிவிட்டுப் போனேன்.

நடத்தியவர்களின் பெயரை இங்கே போடவில்லை. சின்னக் குழு, நான் குறையும் சொல்லப் போகிறேன். ஏற்காட்டில் பறவை பார்க்கிறவர்கள், பாம்பு பிடிக்கிறவர்கள் யாரையாவது விசாரித்தால் விஷயம் தெரிந்துவிடும்.

இடம், ஒரு காப்பி எஸ்டேட்டில் பழைய குடோனை மாற்றிக் கட்டிய ஹால். படுக்கை வரிசையாகப் போட்டிருந்தார்கள். கம்பளி சுத்தமாக இருந்தது, வெந்நீர்தான் காலை நாலரைக்குக் கிடைக்கவில்லை. சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ராகிக் களியும் பச்சைப்பயறு கடைசலும், சாயங்காலம் கீழேயிருந்து வரவழைத்த தட்டுவடை செட்டும். காப்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மரத்துக்கடியிலேயே குடித்தோம்.

வந்திருந்தவர்கள் கலவையான கூட்டம். கல்லூரிப் பிள்ளைகள்தான் அதிகம். ஒரு எஸ்டேட் மேஸ்திரி, உயிரியல் டீச்சர் ஒருவர், சேலம்–ஏற்காடு தடத்தில் பஸ் ஓட்டும் டிரைவர் ஒருவர். டிரைவர் வந்ததுதான் இந்த முகாமின் அதிர்ஷ்டம். மழை ராத்திரியில் தவளை ரோட்டில் குதிக்கும்போது என்ன செய்வீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். "ஒண்ணும் பண்ண முடியாதும்மா. பிரேக் போட்டா பின்னால வர்றவன் என் மேல ஏறுவான். உள்ள ஐம்பது பேர் இருக்காங்க" என்றார். ஹாலில் யாரும் பேசவில்லை. அடுத்த ஸ்லைடைப் போட்டார்கள்.

பயிற்சி தந்தவர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். எடுத்த எடுப்பில் சொன்ன விஷயம் எனக்குப் பிடித்துப்போனது: ரோட்டில் கிடக்கும் உடலை எண்ணுவது வேறு, ரோட்டில் நடந்த சாவை மதிப்பிடுவது வேறு. இரண்டுக்கும் நடுவில் மூன்று ஓட்டைகள். நாம் பார்க்காமல் தாண்டிப்போனவை, நாம் வருவதற்குள் காக்காயும் நாயும் எறும்பும் தூக்கிப்போனவை, அடிபட்டும் நகர்ந்து போய்ப் புதருக்குள் செத்தவை. முதல் இரண்டையும் சோதனை வைத்து அளந்துவிடலாம். மூன்றாவதை அளப்பது கடினம், அதனால் பெரும்பாலான ஆய்வுகள் அதைத் தொடுவதே இல்லை என்றார். தெரிந்தே விட்டுப்போகும் தொகையை முதலிலேயே அறிவிப்பது நல்ல மதிப்பீட்டாளரின் அடையாளம். எங்கள் தொழிலில் இதைச் செய்பவர்கள் குறைவு.

முதல் சோதனைக்குப் பழைய சைக்கிள் டியூபைச் சாண் சாணாக வெட்டி வைத்திருந்தார்கள். அதுதான் பாம்பு. ஒன்றிரண்டு, ஏரிக்கரைக் கடைகளில் விற்கும் ரப்பர் பாம்பு பொம்மைகள். மொத்தம் நாற்பது. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது குப்பனூர் போகும் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குள் அவற்றை ஓரமாகப் போட்டுவிட்டு வந்தார்கள். எங்கே போட்டார்கள் என்பது போட்டவருக்கு மட்டும் தெரியும். ஒரு குழு காரில், இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனது. இன்னொரு குழு, நானும் அதில்தான், இரண்டு ஓரமும் நடந்து போனது. கார்க்காரர்கள் பத்து கண்டுபிடித்தார்கள், நாங்கள் முப்பத்தொன்று. ஒரு ரப்பர் பாம்பு மட்டும் கடைசிவரை யாருக்கும், போட்டவருக்குக்கூட, கிடைக்கவில்லை. வழியில் போன பையன் யாரோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பயிற்சியாளர் அசரவில்லை. "அதையும் காணாமல் போன கணக்கில் எழுதுங்க சார்" என்றார்.

இதே வேலையைப் பிரேசிலில் உண்மையான உடல்களை வைத்து ஒப்பிட்டு 2013ல் ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள். வண்டியில் போய் எண்ணுவதற்கும் நடந்து போய் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம், உடல் சிறியதாக ஆக ஆகப் பெரியதாகிறது. காட்டெருமை செத்துக் கிடந்தால் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பவன்கூட எழுந்து பார்ப்பான். விரல் நீளத் தவளையை முட்டி போட்டால்தான் பார்க்க முடியும்.

இரண்டாவது சோதனைதான் முகாமின் உச்சம். நான் குறை சொல்லப் போவதும் அதைத்தான்.

கறிக்கடையிலிருந்து கோழித்தலையும் மீன் கடையிலிருந்து மத்தியும் வாங்கி வந்திருந்தார்கள். அனுமதியில்லாமல் காட்டு உயிர்களின் உடலை எடுத்து வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. அதனால் கடைச் சரக்கு. இருட்டுகிற நேரத்தில் இருபது துண்டுகளை அளந்து அளந்து ஓரமாக வைத்தார்கள். ராத்திரி ஒன்பதுக்கு ஒரு தடவை, நடுநிசியில் ஒரு தடவை, விடியுமுன் ஒரு தடவை போய்ப் பார்த்தோம். விடியும்போது பாதி காணோம். எறும்பு இழுத்துப்போனவை, எலி இழுத்துப்போனவை, லாரி டயரில் ஒட்டிக்கொண்டு போனவை. மீதி பாதியும் இருக்கிறதே என்று திருப்தியாகத் திரும்பினோம். காலைப் பலகாரம் முடித்து ஒன்பது மணிக்குப் போனால் ஒரே ஒரு கோழித்தலை. காக்காய்கள் வேலையை முடித்திருந்தன.

சாவகாசமாகப் பத்து மணிக்குக் கிளம்பிப்போய் "இன்று ரோட்டில் ஒன்றும் அடிபடவில்லை" என்று எழுதுகிறவருக்கு இந்த ஒரு ராத்திரி போதும். போர்ச்சுகல் நாட்டில் தினமும் விடாமல் சாலையில் போய்ப் பார்த்து 2011ல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் வந்திருக்கிறது. பெரும்பாலான உடல்கள் ஒரு நாளுக்கு மேல் தங்குவதில்லை. சிறியவை, மெல்லிய தோல் உள்ளவை முதலில் மறைகின்றன. வாரம் ஒரு முறை போய் எண்ணுகிறவர் ஏழு நாள் சாவை எண்ணவில்லை, கடைசி ராத்திரிச் சாவில் மிஞ்சியதைத்தான் எண்ணுகிறார்.

சரி, குறைக்கு வருகிறேன். ரோட்டோரம் கறி வைத்தால் நாயும் காக்காயும் கீரியும் ரோட்டுக்கு வருகின்றன. ரோட்டுக்கு வந்தவை அடிபடும். சாவை எண்ணுவதற்காகச் சாவுக்கு இரை வைக்கிற வேலை இது. கேட்டேன். தார் விளிம்பிலிருந்து தள்ளித்தான் வைக்கிறோம், ஒரே ராத்திரிதான், சீக்கிரம் அப்புறப்படுத்திவிடுகிறோம் என்றார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. ஏற்கெனவே இயல்பாக அடிபட்டுக் கிடப்பவற்றைத் தொடாமல் படம் எடுத்து, எப்போது மறைகின்றன என்று மணிக்கொரு தடவை போய்ப் பார்த்தாலே போதுமே. கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நாள் முகாமில் அதற்கு நேரம் இல்லை என்பது உண்மை. அப்படியானால் முகாமை நீட்டுங்கள்.

அப்புறம் கரும்பலகைக் கணக்கு. காரில் போய் 12 தவளை எண்ணினோம் என்று வைத்துக்கொள்வோம். காரிலிருந்து நாலில் ஒன்றுதான் கண்ணில் படுகிறது, ஆக 48. விடியும்வரை பாதிதான் மிஞ்சுகிறது, ஆக 96. பன்னிரண்டு எண்ணி தொண்ணூற்றாறு எழுதுகிறோம். மாணவர்கள் உற்சாகமாகக் குறித்துக்கொண்டார்கள். நான் கையைத் தூக்கினேன். கண்ணில் படுவது நாலில் ஒன்று இல்லாமல் ஐந்தில் ஒன்று, மிஞ்சுவது பாதி இல்லாமல் ஐந்தில் இரண்டு என்றால்? 150 வருகிறது. கீழே இருக்கும் எண்ணில் துளி அசைந்தால் மேலே இவ்வளவு ஆடுகிறது. ஒற்றை எண்ணாகச் சொன்னால் எந்த ஆபீசர் ஒப்புவார்?

"அதுக்குத்தான் சார் எண்ணை மட்டும் சொல்லக் கூடாது, எத்தனையிலிருந்து எத்தனை வரைன்னு வீச்சைச் சொல்லணும்" என்றார் பயிற்சியாளர். இன்னொன்றும் விளக்கினார். நாங்கள் மீனை வைத்தது சாயங்காலம். தவளைகள் எல்லாம் சாயங்காலமே சாவதில்லை. விடியற்காலம் நாலு மணிக்கு அடிபட்டது ஆறு மணிக்கும் கிடக்கும். ஆகவே பாதி என்பதை அப்படியே போட்டு வகுத்தால் எண்ணிக்கை ஊதிவிடும். எந்த நேரத்தில் எவ்வளவு சாகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று சேர்த்துப் பார்க்கும் சூத்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் பல சாலைக்காக உருவானவையே அல்ல, காற்றாலைகளின் கீழே செத்து விழும் பறவைகளையும் வௌவால்களையும் மதிப்பிட வந்தவை. அமெரிக்காவின் புவியியல் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஜென்எஸ்ட் என்ற இலவச மென்பொருள் அந்த வகை. அதை லேப்டாப்பில் திறந்து காட்டினார். அரை மணி நேரம்தான் ஓட்டினார். இந்த முகாமுக்கு நான் கட்டிய காசில் பாதி அந்த அரை மணிக்குத் தகும், அதை மூன்று மணி நேரமாக்கியிருக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக மறுநாள் முற்பகல் முழுவதும் ஸ்லைடு. கர்நாடகத்துப் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் 2009லிருந்து இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை போக்குவரத்துத் தடை. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் திம்பம் மலைப்பாதையில் இரவுத் தடையை அமல்படுத்தச் சொல்லி 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெஞ்ச் புலிகள் காப்பகம் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் ஒன்பது இடங்களில் விலங்குகள் கடக்கக் கீழ்வழி. எல்லாம் நல்ல தகவல்தான், வீட்டில் உட்கார்ந்தே படித்துக்கொள்ளலாம். ஏற்காடு சரணாலயமும் இல்லை, புலிகள் காப்பகமும் இல்லை. காப்புக்காடு, நடுவில் காப்பித் தோட்டம், நடுவில் ஊர். ராத்திரி கேட்டைப் பூட்டு என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. மேலே இத்தனை கிராமம் இருக்கிறது, பிரசவ வலி எடுத்தால் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். இந்த மாதிரி இடத்தில் எண்ணி என்ன செய்வது என்பதைத்தான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

ஸ்லைடுகளில் ஒன்று மட்டும் எங்கள் ஊருக்கு நேராகப் பொருந்தியது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைத் திருவிழா. அந்தச் சமயத்தில் காட்டுச் சாலையில் வண்டிகள் குவியும்போது அடிபடும் உயிர்கள் பல மடங்கு கூடுவதை சேஷாத்ரி, கணேஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்து 2011ல் எழுதியிருக்கிறார்கள். நமக்கு மே மாதம் கோடை விழா, சேர்வராயன் கோயில் திருவிழாவும் அதே மாதம். கோடை மழையும் அப்போதுதான். கூட்டமும் ஈரமும் ஒன்றாக வருகிற வாரம். அதற்கு முன்னும் பின்னும் ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் நடந்து எண்ணினால் பதில் கிடைத்துவிடும். இதை முகாமின் வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கலாம்.

பிரேசிலின் பிரபலமான எண்ணையும் காட்டினார்கள். அங்கே சாலைகளில் ஆண்டுக்கு 47.5 கோடி முதுகெலும்புள்ள உயிர்கள் சாகின்றன என்று லாவ்ராஸ் பல்கலைக்கழகத்திலுள்ள சாலைச் சூழலியல் மையம் மதிப்பிட்டது. அதில் மிகப் பெரும்பகுதி சிறு பிராணிகள். ஹாலில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். சில இடங்களில் எண்ணியதை நாடு முழுவதும் உள்ள சாலை நீளத்தால் பெருக்கினால் வருவது இது, பெருக்கலைப் பார்க்காமல் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டாதீர்கள் என்று அவரே எச்சரித்தார். ஏற்காட்டுக்கும் அதையே சொன்னார். அடிவாரத்தில் முள்காடு, ஏற ஏற மூங்கில், மேலே சில்வர் ஓக் நிழலில் காப்பி. மேலே ஒரு கிலோமீட்டர் எண்ணிவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் சேர்த்துப் பெருக்கினால் கணக்குப் பொய். ஒவ்வொரு வகைக் காட்டிலும் தனித்தனியாகத் துண்டு எடுத்து நடக்க வேண்டும்.

சமையலறையில் இருந்த அம்மா மலைக் கிராமத்துக்காரர். "அந்தச் சிறுபாலத்துக்கிட்டதாங்க எப்பவும் செத்துக் கெடக்கும், போய்ப் பாருங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். போனோம், கிடந்தது. ஒரு சாரைப்பாம்புக் குட்டி, தட்டையாகிப்போன தேரைகள், ஒரு ஓணான். பயிற்சியாளர் குறித்துக்கொண்டார்; ஆனால் கிடக்கும் என்று தெரிந்த இடத்தில் மட்டும் போய் எண்ணினால் மதிப்பீடு ஆகாது என்றும் சொன்னார். எங்கே நடப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்ய வேண்டும், அதில் சிறுபாலம் வந்தால் வரட்டும். தடுப்புச்சுவர் கட்ட, சுரங்கவழி கட்ட இடம் தேடுகிறவருக்கு அந்த அம்மா சொன்னது தங்கம். மொத்தச் சாவு எத்தனை என்று தேடுகிறவருக்கு அது பொறி. இரண்டு கேள்விக்கும் ஒரே படிவத்தை நீட்டாதீர்கள் என்பது எனக்குப் புதிதாகக் கிடைத்த பாடம்.

பூஜ்ஜியம் பற்றியும் சொல்ல வேண்டும். ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலைக்கு மட்டுமே சொந்தமான ஒரு கேடயவால் பாம்பு இருக்கிறது, மண்ணுக்குள் வாழ்வது, மழைக்கு வெளியே வரும். உலகத்தில் வேறெங்கும் இல்லை. நாங்கள் ஒன்றும் பார்க்கவில்லை. பூஜ்ஜியத்தை எதால் வகுத்தாலும் பூஜ்ஜியம்தான். அப்படியானால் அது அடிபடவே இல்லை என்று எழுதலாமா? கூடாது. பத்தில் ஏழு கண்ணுக்குத் தப்பும் என்றால், நாலைந்து செத்திருந்தும் நமக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். எத்தனை வரை செத்திருந்தால் நாம் ஒன்றும் காணாதிருப்பது சாத்தியம் என்று திருப்பிக் கேட்கும் முறை இருக்கிறதாம். அதைச் சொல்லும்போது மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அதோடு போயிற்று.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றச் சொன்னார்கள். இனம் கண்டுபிடிக்க அருமையான கருவி, உயிரோடு இருக்கிறதா செத்ததா என்று குறிக்கவும் இடம் இருக்கிறது. ஆனால் கண்டதைப் பதியத்தான் அது வந்தது. ஒன்றும் காணாமல் நடந்து திரும்பிய காலையை எழுத அதில் இடமில்லை. மதிப்பீட்டுக்கு அந்த வெறும் காலைகள்தான் முக்கியம்: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எங்கிருந்து எங்கே, மழையா, எத்தனை கண்கள். அதற்குத் தனியாக ஒரு நோட்டு போடச் சொன்னார்கள், சரியான அறிவுரை.

கையேடு முழுவதும் ஆங்கிலம். மேஸ்திரியும் டிரைவரும் அதை மடித்துப் பையில் வைத்தார்கள், திறக்கவில்லை. இந்த இரண்டு பேர்தான் தினமும் அந்தச் சாலையில் இருப்பவர்கள், தொடர்ந்து எண்ணப் போவதும் அவர்கள்தான். ஒற்றைப் பக்கத்தில் தமிழ்ப் படிவம் போட என்ன செலவு?

இதைவிடப் பெரிய குறை பாதுகாப்பு. மஞ்சள் ஜாக்கெட் கொடுத்தார்கள், எல்லாம் ஒரே அளவு, பிள்ளைகளுக்கு முழங்கால் வரை தொங்கியது. கொண்டை ஊசி வளைவில் விடியுமுன் மூடுபனியில் குனிந்து தேடும்போது மேலும் கீழும் கொடி பிடித்து நிற்க ஆள் போடவில்லை. கீழே இறங்கிய ஒரு வேன் எங்கள் பக்கம் ஒதுங்கியதும் டிரைவர்தான் விசில் அடித்து எல்லோரையும் சுவரோரம் தள்ளினார். மனிதச் சாவு ஒன்றையும் சேர்த்துக் கணக்கெடுக்க நேர்ந்திருக்கும். அடுத்த முறை இது சரியாகவில்லை என்றால் காசு வாங்கிக்கொண்டு இதை நடத்தக் கூடாது.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். கையால் செய்து பார்த்த இரண்டு சோதனைக்கும், தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பயிற்சியாளருக்கும் நாலரை. ஸ்லைடுக்கும் ஜாக்கெட்டுக்கும் ஒன்று வெட்டு. காட்டில் புலி பார்க்கலாம் என்று வருபவர்கள் வர வேண்டாம், நசுங்கிய தவளையை அளவுகோல் வைத்துப் படம் எடுக்கும் வேலை இது. கணக்குப் பிடித்தவர்கள், எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்கள், இந்தத் தடத்தில் தினம் வண்டி ஓட்டுபவர்கள் தாராளமாகப் போகலாம்.

போனால் சொந்த ஹெட்லைட் டார்ச்சும் ரெயின்கோட்டும் எடுத்துப் போங்கள், அவர்கள் கொடுக்கும் டார்ச் நடுநிசியோடு மங்கிவிடுகிறது. பதிவு செய்யும்போதே தமிழ்ப் படிவம் உண்டா, வளைவில் கொடி பிடிக்க ஆள் உண்டா என்று கேளுங்கள். ஜென்எஸ்ட் வகுப்பு எத்தனை மணி நேரம் என்றும் கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள்.